ஓ பேரா ஜெர்மனி போன நம்ம மலைப் பிள்ளைங்க, அனுபவத்தைச் சொல்லுங்க

கோத்தகிரிக்காரி:

ஊட்டித் தங்கச்சி ஒருத்தி, "குழந்தை பார்த்துக்கப் போனா வீட்டுக்கு மாசம் எவ்வளவு அனுப்பலாம்?"னு கேட்டிருந்தா. அனுப்புற அளவுக்கு மிஞ்சாதும்மா. ஓ பேர்னா ஒரு குடும்பத்தோட தங்கி, குழந்தையைப் பார்த்துக்கிட்டே அவங்க மொழியையும் படிக்கிறது. அதுக்குச் சம்பளம் கிடையாது. நான் போனப்போ கைச்செலவுக்கு மாசம் 280 யூரோ, ஜெர்மன் வகுப்புக்கு 70 யூரோ. தனி ரூம், சாப்பாடு, இன்சூரன்ஸ் எல்லாம் அந்தக் குடும்பத்தோட பொறுப்பு. மொழி படிக்கணும்னு போறவங்களுக்கு அருமையான வாய்ப்பு. வீட்டுக் கடனை அடைக்கணும்னா தயவுசெஞ்சு வேற வழி பாருங்க.

27 வயசு ஆகறதுக்குள்ள விண்ணப்பிக்கணும், ஏ1 அளவு, அதாவது ஆரம்ப நிலை ஜெர்மன் தெரியணும். இது ரெண்டும் வேண்டாம்னு சொல்ற ஏஜென்ட்டை நம்பாதீங்க. என்கிட்ட ஒருத்தர் ஒன்றரை லட்சம் கேட்டார். ஜெர்மனியில இருக்கிற ஏஜென்சி ஓ பேர்கிட்ட 150 யூரோவுக்கு மேல வாங்கக் கூடாதுன்னு அங்க சட்டமே இருக்கு. நான் அந்தக் குடும்பத்தோட வீடியோ கால்ல பலமுறை பேசி, நேரா முடிவு பண்ணேன்.

எங்க வீடு டேன்டீ, அதாவது அரசுத் தேயிலைத் தோட்டத்து லைன் வீடு. அப்பாயிதான் ரொம்பப் பயந்தாங்க. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால இலங்கையை விட்டுக் கப்பலேறி ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் முகாம்ல கிடந்து, இந்த மலைக்கு வந்தவங்க. "எங்களுக்குப் படிச்சுச் சொல்ல ஆளில்ல பாப்பா. நீ ஒரு வரி விடாம படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு"ன்னாங்க. அப்படியே செஞ்சேன்.

நல்ல குடும்பம்தான். மூணு வயசுப் பையன், ஆறு வயசுப் பொண்ணு. குளிர்காலத்துல பையனுக்குப் பனி உடுப்பு மாட்டுறதே பெரும்பாடு. உள்சட்டையோட கை சுருண்டு மேல ஏறிக்கும். அதை இழுத்துவிட்டு, கழுத்து வரைக்கும் ஜிப் போட்டு, கையுறையும் மாட்டி முடிச்சதும் ஒண்ணுக்கு வருதும்பான். உறைபனி பார்த்து வளர்ந்த நமக்குக் குளிர் பெருசில்ல. டிசம்பர்ல நாலரை மணிக்கே இருட்டிடுறதுதான் மனசை அமுக்கும்.

வேலை மெல்ல மெல்லக் கூடுச்சு. குழந்தைங்க துணி மடிச்சது போய் எல்லார் துணியும் ஆச்சு. ஜன்னல் துடைக்கிறது வந்துச்சு, சனிக்கிழமை ராத்திரியும் போச்சு. விதிப்படி ஒரு நாளைக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரம். அதுக்கு மேல கூடாது. வாரத்துல ஒன்றரை நாள் லீவு, நாலு சாயங்காலம் நமக்கு. செஞ்ச நேரத்தையெல்லாம் ஒரு நோட்டுல எழுதிட்டு வந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில நோட்டையும் ஒப்பந்தத்தையும் மேஜையில அந்தம்மா முன்னாடி வச்சேன். அவங்க முகம் சிவந்துபோச்சு. ஒண்ணும் பேசாம பக்கம் பக்கமாப் புரட்டினாங்க.

"ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"எங்க ஊர்ல பெரியவங்க சொன்னா எதிர்த்துக் கேக்க மாட்டோம்."

"இங்க நீ கேக்கணும். கேட்டாத்தானே எனக்குத் தெரியும்?"

அன்னிக்கே நேரம் போட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டினாங்க. அதுக்கப்புறம்தான் அந்த வீட்டுல எனக்கு ஒட்டுதலே வந்துச்சு.

குன்னூர்ப் பொண்ணு:

அக்கா, எனக்குப் பேசியும் ஒண்ணும் மாறல. நான் இருந்த வீட்டுல வகுப்புக்குப் போகவே விடல. ஒப்பந்தத்துல இருந்தபடி ரெண்டு வாரம் முன்னாடி எழுதிக் கொடுத்துட்டு, வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் தெரிவிச்சு, வேற குடும்பத்துக்கு மாறினேன். மாறலாம்ங்கிறதே பல பேருக்குத் தெரியல, அழுதுட்டே இருந்துடறாங்க. ஆனா மொத்தமே ஒரு வருஷம்தான். வீடு மாறினா கணக்குப் புதுசா ஆரம்பிக்காது. பாஸ்போர்ட்டை மட்டும் யார் கையிலயும் கொடுத்து வைக்காதீங்க.

கோத்தகிரிக்காரி:

சரியாச் சொன்னே தங்கம். ஊட்டித் தங்கச்சிக்கு இன்னொண்ணு: விசா நேர்காணல்ல என்கிட்ட ஜெர்மன்லயேதான் கேள்வி கேட்டாங்க, பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணது அங்க உதவல. கோயம்புத்தூர்ல கோதே சென்ட்ரம் இருக்கு. அடுத்த ஏ1 வகுப்பு எப்போன்னு கேட்டு முதல்ல சேர்ந்துடு. குடும்பம் தேடுறதை அப்புறம் பார்த்துக்கலாம், ஒப்பந்தம் வந்ததும் எனக்கு அனுப்பு, சேர்ந்து படிப்போம்.