நுரையீரல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருக்கிறது: மரபணு முடிவுக்காகக் காத்திருக்கலாமா?

கேள்வி:
62 வயதாகும் என் தந்தைக்கு விடாத இருமலுக்காக எடுத்த சி.டி. ஸ்கேனில் வலது நுரையீரலில் ஒரு கட்டியும் கல்லீரலில் நான்கு கட்டிகளும் தெரிந்தன. கல்லீரலில் பயாப்சி (திசுத் துணுக்கை எடுத்துச் செய்யும் பரிசோதனை) எடுத்ததில் நுரையீரல் அடினோகார்சினோமா (நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகை) என்று வந்துள்ளது. நான்காம் நிலை என்பதால் அறுவை சிகிச்சை பயன்படாது என்கிறார் மருத்துவர். அப்பா ஒரு பீடிகூடப் பிடித்தவரில்லை. கட்டியின் மரபணுப் பரிசோதனை முடிவு வர இரண்டு வாரமாகுமாம். இவை இரண்டு புற்றுநோய்களா? அதுவரை சும்மா இருப்பது சரியா? கல்லீரலைச் சுத்தப்படுத்தும் என்று உறவினர் ஒருவர் சூரணம் வேறு கொடுத்திருக்கிறார்.

பதில் 1:
ஒரே நோய்தான். கல்லீரலில் வளர்பவையும் இரத்தத்தின் வழியே அங்கு சென்று தங்கிய நுரையீரல் புற்றுச் செல்களே என்பதால், மருந்தும் நுரையீரல் புற்றுநோய்க்கு உரியதாகவே இருக்கும். தெரிகிற கட்டிகளை வெட்டினாலும் ஸ்கேனில் தெரியாதவை எஞ்சிவிடும். புகைபிடிக்காத ஆசியர்களுக்கு இந்நோய் வரும்போது, புற்றுச் செல்களில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் அடிக்கடி காணப்படுகிறது. அது இருந்தால் ஒசிமெர்டினிப் போன்ற மாத்திரை நோயைப் பலருக்கு மாதக்கணக்கிலும் சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் கட்டுக்குள் வைக்கிறது, முற்றிலும் குணமாக்குவதில்லை. அவசரப்பட்டு இம்யூனோதெரபியை (உடலின் நோயெதிர்ப்பு சக்தியைத் தூண்டும் சிகிச்சை) தொடங்கிவிட்டுப் பிறகு ஒசிமெர்டினிப்புக்கு மாறினால் கடுமையான நுரையீரல் அழற்சி வரும் அபாயம் கூடுகிறது. காத்திருக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் மூச்சுத்திணறலோ மஞ்சள் காமாலையோ தென்பட்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

பதில் 2:
என் அம்மாவுக்கும் இதே நிலைதான். நாங்கள் கொடுத்த பொடியை மருத்துவரிடம் மறைத்தோம். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் இரத்தத்தில் திடீரென ஏறியபோது, ஏற்றியது நோயா, மாத்திரையா, பொடியா என்று பிரித்தறிய முடியாமல் சிகிச்சையை மூன்று வாரம் நிறுத்த நேர்ந்தது. இன்றும் அதை நினைத்து வருந்துகிறேன். உறவினர் மனம் நோகாமல் சூரணத்தை எடுத்து வைத்துவிடுங்கள்.

பதில் 3:
வலி முதலான தொல்லைகளைத் தணித்து மனத்துக்கும் துணைநிற்கும் வலித்தணிப்புப் பிரிவையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அதைக் கடைசி நாட்களுக்கானது என்றே நம் குடும்பங்கள் நினைக்கின்றன. பரவிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரிடம் பாஸ்டனில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு இதையும் தொடக்கத்திலேயே பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து இருந்ததோடு, மற்றவர்களைவிடச் சராசரியாக இரண்டு மாதத்துக்கும் மேல் கூடுதலாக வாழ்ந்தார்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வலது விலாவுக்குக் கீழே பாரமாக இருப்பதாக அப்பா இன்றுதான் சொன்னார்; முன்பே இருந்திருக்கும், எங்களிடம் சொல்லவில்லை. நாளை மருத்துவரிடம் அதையும் வலித்தணிப்புப் பிரிவைப் பற்றியும் கேட்கிறேன்.