‘அபோக்ரிபா’வுக்குத் தமிழ் எது?

அன்புள்ள குழுவினருக்கு,
சமய ஒப்பீட்டு வகுப்புக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. விவிலியப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட நூல்களான அபோக்ரிபா, முன்னோர் பெயரில் பிறர் எழுதிய நூல்களான சூடெபிகிராபா ஆகிய இரண்டுக்கும் சொல் வேண்டும். முன்னதற்குச் சீர்திருத்தச் சபையார் (புராட்டஸ்தாந்தர்) வழங்கும் ‘தள்ளுபடி ஆகமம்’ மாணவரைத் துணிக்கடைக்கு அழைத்துப் போய்விடுகிறது.

மறுமொழி 1
அபோக்ரிபோஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ‘ஒளித்துவைத்தது’ என்பது பொருள். அதற்கு நேரான தமிழ் ‘மறைநூல்’. ஆனால் மந்திரத்தைத் தொல்காப்பியச் செய்யுளியலும் 28ஆம் குறளும் ‘மறைமொழி’ என்றே சொல்லிவிட்டதால், வேதத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட நூலுக்கு வேதத்தின் பெயரையே சூட்டியதாகிவிடும். ஆகவே, ஒரு செய்யுளுக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கும் கரந்துறைச் செய்யுளை நினைந்து, ‘கரந்துறை நூல்’ என்று ஆளலாம்.

மறுமொழி 2
ஐயா, சொல் அழகுதான். அதை விளக்கவே எனக்கு ஒரு பாடவேளை போய்விடும். மேலும், இவற்றுள் பல ஒளிந்திருந்தவையே அல்ல. பழைய யூத நூலான ஏனோக்கு நூலைப் புதிய ஏற்பாட்டின் யூதா திருமுகம் 14, 15ஆம் வசனங்களில் எடுத்தாள்கிறது. எத்தியோப்பிய மரபுவழித் திருச்சபைக்கு அது இன்றும் வேதமே. தோபித்து, மக்கபேயர் ஆகிய நூல்களை வேதமென 1546இல் கத்தோலிக்கரின் திரெந்து பொதுச்சங்கம் உறுதிசெய்தது. கத்தோலிக்கர் அவற்றை ‘இணைத் திருமுறை’ என்கிறார்கள். எவருடைய பட்டியலுக்கு வெளியே என்பதுதான் கேள்வி என்பதால், ‘புறநூல்’ போதும்.

மறுமொழி 3
சைவ சித்தாந்தம் சமயங்களைத் தனக்கு நெருங்கியது முதல் விலகியது வரை அகம், அகப்புறம், புறம், புறப்புறம் எனப் பகுத்ததை மறவாதீர்கள். ‘புறம்’ என்பதில் பழிப்பும் ஒட்டியிருக்கிறது. அவ்வளவு நுணுக்கம் வேண்டுமானால் தோபித்தை ‘அகப்புற நூல்’ என்றே சொல்லலாம். யாரும் சொல்லப்போவதில்லை என்பது வேறு.
சூடெபிகிராபாவுக்குப் ‘பொய்ப்பெயர் நூல்’ வேண்டாம். ‘புனைபெயர்’ என்றால் எழுதியவர் தமக்கே வைத்துக்கொண்ட பெயராகிவிடும். இங்கோ எழுதியவர் தம்மை மறைத்து முன்னோர் ஒருவரின் பெயரை நூலின் மேல் ஏற்றியிருக்கிறார். பிற்காலச் சித்தர் நூலான ஞானவெட்டியானைத் திருவள்ளுவர் தலையில் கட்டிய நமக்கு இது புதிதன்று. ‘பெயரேற்று நூல்’ என்பது என் பரிந்துரை.

மறுமொழி 4
நன்றி. ‘புறநூல்’, ‘பெயரேற்று நூல்’ என்றே எழுதி, முதல் வழக்கில் மட்டும் அடைப்புக்குறிக்குள் கிரேக்கப் பெயரை வைக்கிறேன். நால்வரில் மூவர் இசைந்ததே இப்போதைக்குப் பெரிது.

மறுமொழி 5
அச்சுக்குப் போகட்டும், ‘கரந்துறை நூல்’ சொன்ன நான் இசையவில்லை என்பதையும் பதிந்துகொள்ளுங்கள். இயேசுவின் கூற்றுகளாக 114 கொண்ட புறநூலான தோமா நற்செய்தியின் கோப்திய (பழைய எகிப்திய மொழி) படி, எகிப்தின் நாக் அம்மாதி அருகே மண்ணில் புதைந்த சாடியிலிருந்து 1945இல்தான் வெளியே வந்தது. அது கரந்து உறையவில்லை என்றால் வேறெது உறைந்தது?