மந்திரி மனையையும் சங்கிலித்தோப்பையும் குடும்பமாகப் பார்க்க ஒரு நாள் போதுமா?

வெள்ளவத்தைவாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். வரும் ஆவணியில் என் தங்கை இலண்டனிலிருந்து குடும்பத்துடன் வருகிறாள். அங்கே விடுமுறை நாள்களில் பழைய பிரபுக்களின் மாளிகைகளுக்குப் போய், வளவு முழுவதும் சுற்றித் திரிந்து, குளக்கரையில் இருந்து சாப்பிட்டுவிட்டு வருவது அவளுடைய பிள்ளைகளுக்கு வழக்கமாம். "மாமா, யாழ்ப்பாணத்தில் அப்படி ஒரு வீடு இல்லையா?" என்று பன்னிரண்டு வயது மருமகள் தொலைபேசியில் கேட்டபோது, சிறுவயதில் பருத்தித்துறை வீதியால் பேருந்தில் போகும்போதெல்லாம் யன்னலூடாகப் பார்த்த மந்திரி மனை நினைவுக்கு வர, "ஏன் இல்லை, ராசாவின் மந்திரி இருந்த வீடே இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், நான் ஒருநாளும் அந்த வளவுக்குள் கால் வைத்ததில்லை என்பது உறைத்தது.

நல்லூரிலுள்ள மந்திரி மனை, சங்கிலி மன்னனின் அரண்மனை இருந்ததாகச் சொல்லப்படும் சங்கிலித்தோப்பு, யமுனா ஏரி ஆகிய மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? மனையின் உள்ளே போக விடுவார்களா? எட்டு வயதுச் சிறுவன் ஒருவனும், முழங்கால் வருத்தமுள்ள எழுபத்து நான்கு வயது அம்மாவும் எங்களுடன் வருவார்கள். அண்மையில் போய் வந்தவர்கள் விவரம் தந்தால் உதவியாக இருக்கும்.

நல்லூர் வடக்கு:

ஒரு நாள் தேவையில்லை, ஒரு காலைப்பொழுது போதும். ஆனால் அந்தக் காலைப்பொழுதைச் சரியாகத் தெரிவு செய்ய வேண்டும். ஆவணியில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோவிலின் இருபத்தைந்து நாள் திருவிழா அந்தக் காலத்தில்தான் வரும், கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனங்களை விடமாட்டார்கள். தேர், தீர்த்த நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். மற்ற நாள்களில் காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டால், வெயில் ஏறுவதற்கும் சோளகக் காற்று புழுதியைக் கிளப்புவதற்கும் முன்னர் சுற்றி முடித்துவிடலாம்.

முத்திரைச் சந்தியில் தொடங்குங்கள். யாழ்ப்பாண அரசின் கடைசி மன்னனான சங்கிலியின் குதிரைச் சிலை அங்கேதான் நிற்கிறது. பிள்ளைகள் கதையை அந்த இடத்திலிருந்து பிடித்துக்கொள்வார்கள். அங்கிருந்து பருத்தித்துறை வீதியில் சங்கிலித்தோப்புத் தோரண வாயிலையும் மந்திரி மனையையும் பார்த்துக்கொண்டு, சட்டநாதர் கோவிலில் முடிக்கலாம். அம்மாவுக்காக ஒரு முச்சக்கர வண்டியை அரை நாளுக்குப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான விடயம் ஒன்று: மனைக்குள் போகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். 2025 செப்டெம்பரில் பெய்த மழையில் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதற்கு முன்னரே கூரையும் மரங்களும் உக்கிப்போயிருந்தன. யாரும் தடுக்காவிட்டாலும் பிள்ளைகளைச் சுவரோரம் விட வேண்டாம். சற்றுத் தள்ளி நின்று பார்த்தாலே முகப்பின் மர வேலைப்பாட்டை நன்றாக இரசிக்கலாம். இலண்டன் மாளிகைகளில் அவர்கள் பார்த்திராத பொருள் அதுதான்.

பழஞ்சுவடி:

கேள்வி கேட்டவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. "ராசாவின் மந்திரி இருந்த வீடே இருக்கிறது" என்று மருமகளிடம் சொன்னதை, அவள் விமானம் ஏறும் முன்னரே திருத்திவிடுவது நல்லது. இன்று நிற்கும் கட்டடம் அரசர் காலத்தது அன்று. வளைவுகளையும், ஓட்டுக் கூரையையும், முகப்பின் மரச் செதுக்கல்களையும் பார்க்கும் எவருக்கும், இது ஐரோப்பியர் ஆட்சிக் காலத்துக் கைவேலை, அதனுடன் நம்மூர்த் தச்சரின் மரபும் கலந்திருக்கிறது என்பது விளங்கும். சங்கிலித்தோப்பு வாயிலையும் ஒல்லாந்தர் காலத்துக்குரியதாகக் கருதுவோர் உண்டு. மனையிலிருந்து யமுனா ஏரிக்குச் சுரங்கப்பாதை ஓடுகிறது என்பார்களே, அதைக் கதையாகவே சொல்லுங்கள். நானும் சிறுவயதில் அதை நம்பித் தேடியவன்தான்.

அப்படியானால் அரசர் காலத்தது ஏன் எஞ்சவில்லை என்று பிள்ளை கேட்பாள், கேட்க வேண்டும். 1619 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். சங்கிலி மன்னனைப் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுசென்று கொன்றனர். 1621 இல் அவர்களுடைய தளபதி ஒலிவேறா நல்லூர்க் கோவிலை இடிப்பித்து, ஆட்சியின் இருப்பிடத்தை நல்லூரிலிருந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாற்றினான். தலைநகர் இடம் மாறிய பின் கைவிடப்பட்ட ஊரின் கற்கள் இருந்த இடத்தில் இருப்பதில்லை. இன்றைய கந்தசுவாமி கோவிலே 1734 இல் எழுந்ததுதான். பழைய கோவில் நின்ற இடம் முத்திரைச் சந்தியில் இப்போது கிறிஸ்தவ தேவாலயம் உள்ள நிலம் என்பது பலரின் கருத்து.

ஆகவே நல்லூரில் கட்டடங்களை விட இடப்பெயர்களே பழையவை. மந்திரி மனை என்ற பெயரும், சங்கிலித்தோப்பு என்ற பெயரும் பல தலைமுறைகளாக ஊரார் வாயில் தங்கியிருப்பவை. கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாயநாதர், மேற்கே வீரமாகாளி அம்மன், வடக்கே சட்டநாதர் என்று தலைநகரின் நான்கு திசைகளிலும் காவற் கோவில்கள் இருந்ததாக வழிவழியாகச் சொல்கிறோம். ஒரு தாளில் அந்த நான்கையும் குறித்து மருமகளிடம் கொடுத்தால், மறைந்துபோன ஒரு நகரத்தின் எல்லையை அவளே கோடு போட்டுப் பார்ப்பாள்.

கோண்டாவில் அக்கா:

சென்ற ஆண்டு என் மூன்று பிள்ளைகளுடனும் மாமியாருடனும் போன அனுபவத்தில் எழுதுகிறேன். முச்சக்கர வண்டிக்காரத் தம்பியிடம் "மந்திரி மனை" என்றுதான் சொன்னோம். அவர் எங்களை ஓர் அமைச்சு அலுவலகத்தின் வாசலில் இறக்கிவிட்டு, "மந்திரி இண்டைக்கு வரமாட்டார் போல, அக்கா" என்றார். எனவே "சட்டநாதர் கோவிலடி" என்று சொல்லி ஏறுங்கள்.

பிள்ளைகள் அதிக நேரம் நின்றது யமுனா ஏரியில்தான். ஏரி என்பது பெயருக்குத்தான், உண்மையில் அது "ப" வடிவில் கட்டப்பட்ட ஒரு கேணி. யாழ்ப்பாண மன்னன் சிங்கை ஆரியன் யமுனை நதியின் தீர்த்தத்தைக் கொண்டுவந்து இதில் கலந்தான் என்று மாமியார் சொல்ல, என் கடைக்குட்டி படியில் குந்தி, பாசியை ஒரு பூவரசங் குச்சியால் விலக்கி, "அப்போ இதில் எது இந்தியத் தண்ணீர்?" என்று கேட்டான். இன்றுவரை பதில் சொல்லவில்லை. படிகள் வழுக்கும், ஆகையால் சிறுவனின் கையை விடாதீர்கள். அம்மாவை மேலேயே இருக்க விடுங்கள், அங்கிருந்து முழுக் கேணியும் தெரியும். எங்கள் மாமியாருக்காக மடக்குக் கதிரை ஒன்றைக் கொண்டுபோயிருந்தோம், அது பெரிய உபகாரமாக இருந்தது.

சாப்பாட்டுக்கு அங்கே வசதியான நிழல் கிடைக்கவில்லை. நாங்கள் கட்டிக்கொண்டு போன இடியப்பத்தையும் சம்பலையும் கண்டி வீதியிலுள்ள பழைய பூங்காவில் வைத்துத்தான் பிரித்தோம். உங்கள் தங்கையின் பிள்ளைகள் தேடும் மாளிகைத் தோட்டத்துக்கு யாழ்ப்பாணத்தில் மிக நெருங்கியது அதுவே. 1829 முதல் 1867 வரை இங்கே ஆங்கிலேயரின் அரச அதிபராக இருந்த டைக் துரை, தம் வாசஸ்தலத்தைச் சுற்றி உருவாக்கிய தோட்டம் அது. போரில் சிதைந்த பழைய கச்சேரியின் (அரச அதிபர் அலுவலகத்தின்) சுவர்களும் அருகே நிற்கின்றன. பெருமரங்களின் கீழ் அம்மா காலை நீட்டி இருக்கலாம்.

வெள்ளவத்தைவாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவே மருமகளை அழைத்து, அது மந்திரியின் வீடு அன்று, மந்திரியின் பெயரைத் தாங்கிய பிற்கால வீடு என்று சொல்லிவிட்டேன். ஏமாற்றமடைவாள் என்று நினைத்தேன். "அப்போ மந்திரியின் வீடு அதற்குக் கீழே மண்ணுக்குள் இருக்குமா?" என்று கேட்கிறாள். பழஞ்சுவடி ஐயா, அங்கே முறையான அகழாய்வு எதுவும் நடந்திருக்கிறதா?

பழஞ்சுவடி:

தொல்லியல் திணைக்களத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களுள் மந்திரி மனையும் ஒன்று, ஆகவே அங்கே திணைக்களத்தைத் தவிர வேறு எவரும் மண்ணைக் கிளறக் கூடாது. மருமகளின் கையில் தூரிகையோ கரண்டியோ இருந்தால் வாங்கி வைத்துவிடுங்கள். அகழாய்வு பற்றி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பிரிவினரிடம் நேரில் கேட்பதே சரி. அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள், கேள்வி அவளுடையது.