ஒரே ஒரு ஏற்றம் மட்டும் ஓட்டிய 531

அல்சூர்வாசி:

போன மார்கழியில் நடந்தது. இன்னும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பெங்களூரிலிருந்து சைக்கிளில் நந்திமலை ஏறும் வழக்கமான கூட்டம்தான். நாலரைக்கு ஹெப்பாள் பாலத்தடியில் சேர்ந்து, தேவனஹள்ளி தாண்டி அடிவாரம் போகும்போது ஆறரை ஆகிவிட்டது. என்னுடையது கார்பன் ஃபைபர் சைக்கிள். கூட வந்த ஒரு பெரியவரிடம் 531 ஃப்ரேம், அதாவது ரெனால்ட்ஸ் கம்பெனியின் 531 என்ற ஸ்டீல் குழாயில், 1970களின் கடைசியில் செய்தது. மூட்டுகளில் லக் என்ற உறை வைத்துப் பித்தளையில் பற்றவைத்தது, கியர் லீவர் கீழ்ச்சாய்வுக் குழாயான டவுன் டியூபில். அடிவாரத்தில் அவர், "முழங்கால் இன்னிக்கு ஒத்துழைக்கல தம்பி. நான் இங்கேயே டீ குடிக்கிறேன், நீங்க வேணும்னா என் வண்டிய எடுத்துட்டுப் போயிட்டு வாங்க" என்றார். இருவருக்கும் ஒரே உயரம். பெடலை மட்டும் கழற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

முதல் இரண்டு கிலோமீட்டர் ஒன்றும் தெரியவில்லை. கனமாக இருந்தது, அவ்வளவுதான். அப்புறம் ஒரு வளைவில் சீட்டை விட்டு எழுந்து மிதித்தேன். வலது காலைக் கீழே அழுத்தும்போது, பெடல் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட் ஒரு நூல் அளவு பக்கவாட்டில் இளகியது. மிதி அடியில் போய்ச் சேர்ந்ததும் அந்த இளக்கம் திரும்பி வந்து இடது காலை ஏந்திக்கொண்டது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் கை வலிக்காமல் அதுவாகவே போகுமே, அப்படி. அதற்குப் பிறகு அந்தத் தாளத்தை விட எனக்கு மனம் வரவில்லை. மேலே போகும்வரை பாதி தூரம் நின்றேதான் மிதித்தேன்.

என் வழக்கமான நேரம் 36 நிமிடம். அன்று 35 சொச்சம். அதுவும் என்னுடையதைவிட மூன்று கிலோ கூடுதலான வண்டியில். அது ஃப்ரேம்தானா, இல்லை விடியற்காலைக் குளிரும் என் ஆசையும் சேர்ந்து செய்ததா? உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

எஜிபுரம்58:

நடந்திருக்கிறது, ஆனால் இறக்கத்தில்.

கொலம்பஸ் எஸ்எல் என்ற இத்தாலிய ஸ்டீல் குழாய், 58 சென்டிமீட்டர் ஃப்ரேம். என் எடை அப்போது 90 கிலோ. அதே நந்தி ரோடு, திரும்பி வரும்போது ஒரு நேர்ப்பாதை. 55ஐத் தொட்டிருப்பேன். ஒரு கையை எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்தேன். ஹேண்டில்பார் நடுங்கத் தொடங்கியது. முதலில் விரலில் தெரியும் அளவுக்கு, ஒரு மூச்சு விடுவதற்குள் முன்சக்கரம் மொத்தமும் இடமும் வலமுமாக ஆடியது. கீழே பார்த்தேன், மேல் குழாயான டாப் டியூப் வீணைத் தந்தி மாதிரி மங்கலாகத் தெரிந்தது. கெட்டியாகப் பிடிக்கப் பிடிக்க ஆட்டம் கூடியது. எதிரே ஒரு பால் வேன். எப்படி நின்றேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. நின்ற பிறகு பத்து நிமிடம் கல்மேல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த மாதமே விற்றுவிட்டேன். ஏற்றத்தில் காலை ஏந்துகிறது என்று சொல்கிறீர்களே, அதே இளக்கம்தான் இறக்கத்தில் ஆளைத் தூக்கிப் போடப் பார்க்கிறது. ஏற்றத்தில் நானும் ஒன்றும் பெரிதாக உணரவில்லை. எழுந்து மிதித்தால், செயினைப் பல்சக்கரம் மாற்றும் முன் டெரெய்லர் கூண்டில் செயின் உரசும் சத்தம்தான் கேட்டது.

டியூப்மில்லி:

இரண்டு பேர் சொல்வதையும் நம்புகிறேன். ஆனால் இரண்டு பேரும் பழியையும் புகழையும் தவறான இடத்தில் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

என் கதை சின்னது. ஹெசரகட்டா ரோட்டில் ஒரு வேகத்தடை உண்டு, பெயிண்ட் அடிக்காதது, இருட்டில் தெரியாது. 23 மில்லி டயரில் 110 பிஎஸ்ஐ காற்றோடு அதில் ஏறும்போதெல்லாம் தண்ணீர் பாட்டில் கூண்டைவிட்டுத் துள்ளும். ஒருநாள் 28 மில்லி போட்டு 75ல் வைத்தேன். அதே ஸ்டீல் ஃப்ரேம், அதே வேகம். பாட்டில் அசையவே இல்லை. நான் திரும்பிப் போய் இன்னொரு முறை ஏறிப் பார்த்தேன். அதுவரை இரண்டு வருடமாக "ஸ்டீல்னா இப்படித்தான்" என்று எல்லோரிடமும் நான் சொல்லிக்கொண்டிருந்தது முழுக்க டயரைப் பற்றி.

மேலும் கீழுமாக வரும் அதிர்வை ஃப்ரேம் வாங்குவது மிகக் குறைவு. முக்கோண வடிவம் அந்தத் திசையில் அசையாது. டயர் வாங்கும், கொஞ்சம் ஃபோர்க் வாங்கும், சீட் வாங்கும். ஆனால் அல்சூர்வாசி சொல்வது பக்கவாட்டு இளக்கம். அது உண்மையாகவே ஃப்ரேமில் இருப்பது, அதை நான் மறுக்கவில்லை.

மறுப்பது வேறு. 531, எஸ்எல், 853 என்று பெயரை வைத்து ஓட்டும் உணர்வைச் சொல்கிறோமே, அதைத்தான். எந்த ஸ்டீலாக இருந்தாலும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான், 200 ஜிகாபாஸ்கல் பக்கம். ரெனால்ட்ஸ் 1935ல் கொண்டுவந்த 531க்கும் நம் ஊர் பால்காரர் சைக்கிள் குழாய்க்கும் அதில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வலுவில். வலு கூடினால் சுவரை மெல்லிசாக்கலாம். டபுள் பட்டட் என்றால், பற்றவைக்கும் இரண்டு முனையும் தடிமன், நடுவில் மெல்லிசு. உதாரணமாக முனையில் 0.8 மில்லி, நடுவில் 0.5 மில்லி. அந்த நடுப்பகுதி மெல்லிசாக இருப்பதைத்தான் நம் கால் உணர்கிறது. ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணை உணர்வதில்லை.

அதைவிடப் பெரியது குழாயின் விட்டம். பழைய வண்டியில் டாப் டியூப் 25.4 மில்லி. பின்னால் வந்தவற்றில் 28.6. மூன்று மில்லிதானே என்று தோன்றும். ஆனால் சுவர் அதே கனமாக இருந்தால் விறைப்பு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும், கணக்குப் போட்டால் 40 சதவீதம். எஜிபுரம் சாருக்கு உரசியதும் அல்சூர்வாசிக்கு ஊஞ்சலானதும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் குழாய்தான். 90 கிலோவுக்கு அது தளர்வு, எடை குறைந்தவருக்கு அது தாளம். அமெரிக்காவிலிருந்து எழுதும் யான் ஹைனே என்ற சைக்கிள் எழுத்தாளர் இந்தத் தாளத்துக்குப் பிளேனிங் என்று பெயர் வைத்து நிறைய எழுதியிருக்கிறார். எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம் இல்லை. ஆனால் அவர் சொல்வதும் மெல்லிய, சின்ன விட்டக் குழாயைத்தான்.

அப்புறம் ஸ்டிக்கரை முழுசாகப் படியுங்கள். சிலவற்றில் மூன்று முக்கியக் குழாய் மட்டும் 531 என்று இருக்கும். ஃபோர்க்கும், பின் சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்டேயும் வேறு குழாயாக இருக்கலாம்.

எஜிபுரம் சார், அந்த நடுக்கம் கார்பனிலும் அலுமினியத்திலும் வரும். பெரிய ஃப்ரேம், நீளக் குழாய், கையை எடுத்தது, ஒருவேளை ஹேண்டில் திரும்பும் ஹெட்செட் பேரிங்கில் தளர்வு, எல்லாம் சேர்ந்திருக்கும். ஒரு முழங்காலை டாப் டியூபில் ஒட்டி அழுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். விற்றிருக்க வேண்டாம்.

எஜிபுரம்58:

அன்று அதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை சார். இப்போது எல்லா இறக்கத்திலும் முழங்காலை ஒட்டித்தான் வைக்கிறேன். ஆனாலும் அந்தப் பால் வேனின் முகப்பு விளக்கு கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. விற்றதற்கு நான் வருத்தப்படவில்லை.

மர்பிடவுன்:

என் அப்பா எச்ஏஎல் விமானத் தொழிற்சாலையில் இருந்தவர். என் வண்டி, அவர் 1980ல் பயிற்சிக்கு இங்கிலாந்து போனபோது பழைய வண்டியாக வாங்கி, பிரித்து, துணி சுற்றிக் கொண்டுவந்தது. 531. "ஜாகுவார் இ-டைப் கார்ல முன்பக்கச் சட்டமே இந்தக் குழாய்தாண்டா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அப்பா போன பிறகு நான் ஓட்டினேன்.

இரண்டு வருடம் முன்பு செயின் பக்கத்துச் செயின்ஸ்டே, பாட்டம் பிராக்கெட் ஒட்டி விரிசல் விட்டது. ஒரு கடையில் கொடுத்தேன். ஃப்ரேம் வேலை தெரியும் என்றார்கள். மாலை போய்ப் பார்த்தபோது ஒரு கை அகலத்துக்குப் பெயிண்ட் கருகிக் கொப்புளம் கொப்புளமாக நின்றது. நடுவில் குழாய் வெறும் உலோகமாக, மயில் கழுத்து மாதிரி நீலமும் ஊதாவுமாக இருந்தது. அந்த நிறத்தைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு வயிறு கலங்கியது. கேஸ் அடித்து இரும்பையே உருக்கி ஊற்றியிருக்கிறார்கள். மூன்றாவது வாரம், பற்றவைத்த இடத்துக்கு ஒரு சுண்டுவிரல் தள்ளி மறுபடி விரிந்தது.

853 மாதிரி 1995க்கு அப்புறம் வந்த சில குழாய்கள் வெல்டு பண்ணி ஆறும்போது அந்த இடத்தில் இன்னும் இறுகும். 531 அப்படியில்லை. அளவு மீறிச் சூடு ஏறினால் அதன் வலு போய்விடும். 1976ல் வந்த 753க்கு வெள்ளி கலந்த பற்றுதான் வைக்க வேண்டும், அதற்குத் தேர்ச்சி பெற்ற ஆட்களுக்கு மட்டும்தான் ரெனால்ட்ஸ் குழாயே கொடுத்தது என்பதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றே தெரிந்திருந்தால் அந்தக் கடைப் படி ஏறியிருக்க மாட்டேன்.

கடைசியில் சிவாஜிநகரில் பித்தளைப் பற்று வைக்கும் ஒரு பெரியவர் கிடைத்தார். ஒரு மணி நேரம் தொடவே இல்லை, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த ஸ்டேயை முழுசாக எடுத்துவிட்டு, உடைந்த இன்னொரு ஃப்ரேமிலிருந்து ஒன்றை வெட்டி, சாக்பீஸால் கோடு போட்டுப் பொருத்தினார். கடைக் கதவைப் பாதி சாத்தச் சொன்னார். வெளிச்சம் இருந்தால் இரும்பின் நிறம் தெரியாதாம். ஆரஞ்சு கலந்த பளிச்சென்ற சிவப்பு வந்த அந்தக் கணம் பித்தளைக் கம்பியைத் தொட்டார், அது தண்ணீர் மாதிரி இடுக்குக்குள் ஓடி மறைந்தது. உடனே தீயை எடுத்துவிட்டார்.

ஓட்டும்போது எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் நகத்தால் சுண்டினால் தெரியும். இடது ஸ்டே மணி மாதிரி இழுத்து ஒலிக்கும். வலது "டொக்" என்று நின்றுவிடும். துடைக்கும்போதெல்லாம் இரண்டையும் சுண்டிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

ஜாலஹள்ளி_27.2:

ஸ்டீல் வைத்திருக்கும் எல்லோரும் இதைப் படியுங்கள். எனக்கு நடந்தது: ஆறு வருடம் கழித்து சீட் போஸ்டை உருவினேன், ஃப்ரேமைக் கவிழ்த்தேன், டீ டிகாஷன் நிறத்தில் தண்ணீர் ஒரு டம்ளர் கொட்டியது. அவ்வளவுதான் கதை. மெல்லிய குழாய் உள்ளேயிருந்து அரித்தால் வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே போய்விடும், அதனால் சொல்கிறேன்.

மழைக்காலம் முடிந்ததும் சீட் போஸ்டை எடுத்துவிட்டுத் தலைகீழாக ஒரு இரவு தொங்கவிடுங்கள். பாட்டம் பிராக்கெட் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சேறு அடைத்திருந்தால் குத்தி எடுங்கள். உள்ளே ஆளிவிதை எண்ணெய் ஊற்றி, எல்லாக் குழாயிலும் படும்படி ஃப்ரேமைச் சுழற்றி, மீதியை வடித்துவிட்டு நன்றாகக் காயும்வரை விடுங்கள். அது உள்ளே தோல் மாதிரிப் படிந்துவிடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், இல்லை தண்ணீரில் நனைத்துவிடுங்கள்.

அலுமினிய சீட் போஸ்டுக்குக் கிரீஸ் தடவாமல் விடவே விடாதீர்கள். இரண்டு உலோகமும் வியர்வையும் மழையும் சேர்ந்தால் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். அப்புறம் ரம்பம்தான். வீட்டில் சைக்கிளை டிரெயினர் ஸ்டாண்டில் நிறுத்தி மிதிக்கிறவர்கள், வியர்வை சொட்டாமல் டாப் டியூப் மேல் துண்டு போடுங்கள்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு: ஸ்டிக்கரை நம்பாதீர்கள், யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். சீட் போஸ்டை உருவி அதில் பொறித்த எண்ணைப் பாருங்கள். வெளிவிட்டம் 28.6 உள்ள சீட் டியூபில் 27.2 போஸ்ட் நுழைந்தால் சுவர் மெல்லிசு, நல்ல குழாய். 25.8, 26 என்று இருந்தால் சுவர் தடிமன். டாப் டியூபை ஓரத்திலிருந்து நடுவரை சுண்டிக்கொண்டே போங்கள். பட்டட் குழாயில் ஒலி மாறுவது காதுக்குத் தெரியும்.

அல்சூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. மர்பிடவுன் எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

டியூப்மில்லி சார் சொன்னதற்காகப் போன சனிக்கிழமை எனக்கு வண்டி தந்த அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தேன், ஃப்ரேசர் டவுனில். அளந்தோம். டாப் டியூப் 25.4. ஸ்டிக்கரில் ஃபோர்க், ஸ்டே எல்லாமே 531 என்று இருக்கிறது. போஸ்ட் 27.2. டயர் 28 மில்லி, அவர் 70 பிஎஸ்ஐதான் அடிப்பாராம். என் கார்பனில் அப்போது 25 மில்லி டயரில் 100 வைத்திருந்தேன்.

சக்கரத்தை அப்படியே மாற்ற முடியவில்லை. அவருடைய வண்டியில் பின் சக்கரம் உட்காரும் இடைவெளி 126 மில்லி, என்னுடைய சக்கரத்தின் ஹப் 130. அதனால் டயர் இரண்டையும் கழற்றித் தந்தார். என் கார்பனில் போட்டு 70 அடித்து ஞாயிறு அதே மலை ஏறினேன். ரோட்டின் கரகரப்பு பாதியாகிவிட்டது, அதில் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அந்த வளைவு வந்ததும் எழுந்து மிதித்தேன். வண்டி முன்னால் போனது, ஆனால் காலை எதுவும் ஏந்தவில்லை. மேலே போய்ச் சேர 36 நிமிடம்.

டயரைத் திருப்பிக் கொடுக்கும்போது வண்டியை விற்கும் எண்ணம் உண்டா என்று கேட்க வாய் வரை வந்தது. ஹாலில் அவருடைய பேரன் டாப் டியூபைச் சுண்டிச் சுண்டி விளையாடிக்கொண்டிருந்தான். கேட்கவில்லை. "இந்த ஞாயிறு வாங்க தம்பி, திரும்பவும் மாத்திக்கலாம்" என்று அவரேதான் சொன்னார். பெடல் சாவியை இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டேன்.