147 பவுண்டில் ராபின்சனா, மேவெதரா? எந்தக் காலத்து விதியில்?

நொய்யல்கரை:
ஒரு பக்கம், 1946 டிசம்பர்ல டாமி பெல்லை ஜெயிச்சு, 147 பவுண்ட் வரைக்குமான வெல்டர்வெயிட் குத்துச்சண்டைப் பட்டம் வாங்கின சுகர் ரே ராபின்சன். இன்னொரு பக்கம், அதே 147 பவுண்டுல, அதாவது 66.7 கிலோவுல, ஆண்டுக்கணக்கா அசையாம நின்ன ஃபிளாய்ட் மேவெதர். ரெண்டு பேரும் மோதினா யாரு ஜெயிப்பாங்கங்கிறதுதான் பேச்சு. என் கட்சி ராபின்சன். கை நீளம் ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட 72 அங்குலம். ஆனா உயரத்துல ராபின்சன் 5 அடி 11 அங்குலம், மேவெதர் 5 அடி 8. மேவெதரோட இடது தோள் மறைப்பு, அதாவது தோளைத் தூக்கித் தாடையை மறைக்கிற நிலை, நேரா வர்ற வலது குத்தை உருட்டி விடறதுக்கு ஏத்தது. மேல இருந்து சரிஞ்சு இறங்குற குத்தை அது முழுசாத் தாங்காது. 2014 மே மாசம் மைதானா மேவெதரைக் கயித்தோரம் நிறுத்தி அடிச்சது அந்தக் குத்துதானுங்க. ஒரு நடுவர் 114-114ன்னு சமமாவே போட்டார்.

பவானி சவுத்பா:
மைதானாவைச் சொன்னா மிச்சத்தையும் சொல்லோணுங்ணா. மத்த ரெண்டு நடுவரும் 117-111, 116-112ன்னு மேவெதருக்குத்தான் குடுத்தாங்க. செப்டம்பர்ல மறுபடி மோதினப்போ மேவெதர் கயித்தோரம் அதிகம் நிக்கல, மூணு நடுவரும் அவர் பக்கம். எங்கே அடி விழுதுன்னு பார்த்து அந்த வழியை அடைக்கிறதுதான் அவர் பலமே. 2010ல மோஸ்லி ரெண்டாவது ரவுண்ட்ல வலது குத்து விட்டு மேவெதரோட முழங்காலை மடங்க வச்சார். மேவெதர் உடனே கையைக் கட்டிப் புடிச்சு மூச்சு வாங்கினார். அதுக்கப்புறம் பின்னால போறதை விட்டுட்டு முன்னேறி நின்னே சண்டையை எடுத்துட்டுப் போயிட்டார்.

ராபின்சன் விழாத ஆள் இல்லீங்க. நீங்க சொன்ன அந்த பெல் சண்டையிலயே ரெண்டாவது ரவுண்ட்ல கீழே விழுந்தார். ஒரு மாசம் முந்தி கிளீவ்லாந்துல ஆர்ட்டி லெவின் இடது ஹூக்ல, அதாவது கையை மடக்கிப் பக்கவாட்டுல விடற குத்துல, அவரைச் சாய்ச்சார்.

நொய்யல்கரை:
ரெண்டுலயும் எந்திரிச்சு ஜெயிச்சது யாருங்க தம்பி? லெவினைப் பத்தாவது ரவுண்ட்ல முடிச்சார். பெல்லையும் 11வது ரவுண்ட்ல கீழே தள்ளினார்.

திருப்பூர் ரிங்சைடு:
விதியைப் பேசி முடிக்காம ஆளைப் பேசிப் பிரயோசனமில்லீங்க. முதல்ல எடை. நம்ம பசங்க கோவையிலயோ ஈரோட்டுலயோ போட்டிக்குப் போனா அன்னைக்குக் காலையிலதான் எடை பார்க்குறாங்க. ராபின்சன் காலத்துத் தொழில்முறைச் சண்டையிலயும் சண்டை நாளன்னைக்கே எடை. உடம்புத் தண்ணியை வத்த வச்சு எடை காட்டினா ராத்திரிக்குள்ள மீளாது, கால் கனத்துப் போகும், அடி தாங்காது. இப்போ முந்தின நாளே எடை பார்த்துடறாங்க. ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணியும் சோறும் ஏத்திக்கலாம்.

இது மேவெதருக்குச் சாதகம்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. தப்புங்க. 2013ல ஆல்வரெஸ் சண்டைக்கு மேவெதர் எடை மேடையில 150.5, மறுநாள் ராத்திரி 150. ஆல்வரெஸ் 152ல இருந்து 165க்குப் போயிட்டார். மேவெதர் எடையைக் குறைச்சு ஏத்துற ஆளே இல்லை. இப்போதைய விதியில லாபம் ராபின்சனுக்குத்தான். 1951 பிப்ரவரியில லமோட்டாவை 13வது ரவுண்ட்ல நிறுத்தி 160 பவுண்ட் மிடில்வெயிட் பட்டம் வாங்கின உடம்பு அது. முந்தின நாள் 147 காட்டிட்டு சண்டைக்கு 155க்கு மேல வந்து நிக்கும்.

இன்னொண்ணு. இணையத்துல எல்லாரும் பார்க்குற ராபின்சன், 1950கள்ல மிடில்வெயிட்டா ஆடின, முப்பது தாண்டின ராபின்சன். 147 பவுண்ட் காலத்துப் படச்சுருள் ரொம்பக் கொஞ்சம். கை தாழ்வு, கால் மெதுவுன்னு அந்த வீடியோவை வச்சுத் தீர்ப்பு சொல்லாதீங்க.

நொய்யல்கரை:
நல்லாச் சொன்னீங்க. அடுத்து ஜாப், அதாவது முன்னால நீட்டி நிக்கிற கையால விடற நேர்க்குத்து. தோள் மறைப்புல இடது கை வயித்துக்குக் குறுக்கே கிடக்கும், எதிராளி ஜாபைப் புடிக்கிற வேலை கன்னத்தோரம் இருக்குற வலது உள்ளங்கைக்கு. ஒரு ஜாப் வந்தா புடிச்சுட்டு அதே கையால திருப்பி அடிக்கலாம். ரெண்டு ஜாப் அடுத்தடுத்து வந்தா உள்ளங்கை முன்னாலயே மாட்டிக்கும், பதில் குத்து கிளம்பாது, மூணாவதா வர்ற இடது ஹூக்குக்குக் கன்னம் திறந்து கிடக்கும். 2007ல டி லா ஹோயா முன்பாதியில ஜாபை வச்சே மேவெதரைத் தள்ளி நிறுத்தினார். பின்பாதியில ஜாபைக் குறைச்சார், சண்டை போச்சு. அப்பவும் ஒரு நடுவர் 115-113ன்னு அவருக்குத்தான் போட்டார். ராபின்சன் ஜாபை நிறுத்துற ஆளா?

பவானி சவுத்பா:
டி லா ஹோயா சண்டை 154 பவுண்ட்ல நடந்ததுங்ணா, அதையும் கணக்குல வைங்க. ரெட்டை ஜாபுக்கு மேவெதர் உள்ளங்கையை மட்டும் நம்ப மாட்டார். பின்காலை அரை அடி இழுத்தாப் போதும், ரெண்டாவது ஜாப் எட்டாது. ராபின்சனோட வயித்துக்கு மேவெதர் ஒரு நேர் ஜாப் விட்டு அவர் ஓட்டத்தையும் நிறுத்துவார். பாய்ஞ்சு உள்ளே வந்தா ஹாட்டன் கதைதான்: 2007 டிசம்பர், பத்தாவது ரவுண்ட், பாய்ஞ்சவரை இடது ஹூக்ல அடிச்சுக்கிட்டே விலகினார், ஹாட்டன் தலை கார்னர்ல போய் மோதுச்சு. ராபின்சன் ஹூக் பாய்ஞ்சு வர்ற ஹூக்தானே.

தவிர அந்தக் காலத்துப் பட்டச் சண்டை மாதிரி 15 ரவுண்ட்னா ராபின்சனுக்கு லாபம்னு சொல்லுவீங்க. 1952ல மேக்சிம் சண்டையில 14வது ரவுண்டுக்கு எந்திரிச்சு வர முடியாம உக்காந்துட்டாரே?

நொய்யல்கரை:
அந்தச் சண்டையை இதுல கொண்டு வரக் கூடாதுங்க. மேக்சிம் 173 பவுண்ட், ராபின்சன் 157.5. ரிங் ஓரத்துல 40 டிகிரி, நம்ம ஈரோட்டுச் சித்திரை வெயில்ல குத்துச்சண்டை போட்ட மாதிரி. ரிங்குக்குள்ள நின்ன நடுவர் ரூபி கோல்ட்ஸ்டைனே பத்து ரவுண்டுக்கு மேல தாங்காம வெளியே போனார். அது வரைக்கும் மூணு புள்ளிச் சீட்டுலயும் முன்னணி ராபின்சன்தான். வெல்டர்வெயிட்ல அவர் மூச்சைப் பார்க்கோணும்னா 1943 பிப்ரவரியைப் பாருங்க. 5ந் தேதி லமோட்டாகிட்டத் தோல்வி, 19ல ஜாக்கி வில்சன் மேல வெற்றி, 26ல மறுபடி லமோட்டாவோட மோதி வெற்றி. மேவெதர் 50 சண்டையிலயும் 12 ரவுண்டைத் தாண்டினதே இல்லை.

திருப்பூர் ரிங்சைடு:
என் கணக்கு இதுங்க. இன்னைய விதி, 12 ரவுண்ட், 8 அவுன்ஸ் கையுறை, ரவுண்டுக்குப் பத்துப் புள்ளி: மேவெதர் 115-113. நெருக்கமான ரவுண்ட்ல சுத்தமா விழுந்த ஒத்தைக் குத்துக்கு நடுவர்கள் புள்ளி குடுப்பாங்க, அது அவர் ஆட்டம். 15 ரவுண்ட், அன்னைக்கே எடை: ராபின்சனுக்கு 8 ரவுண்ட், மேவெதருக்கு 7. அவரும் அப்போ 147 பவுண்ட்லதான் நிக்கோணும், அதனால ஆளை முடிக்க மாட்டார்.

நொய்யல்கரை:
12 ரவுண்ட்லயும் ராபின்சன்தானுங்க. எட்டாவது ரவுண்டுக்குள்ள ஒரு தடவையாச்சும் மேவெதரைக் கீழே போடுவார், அந்த ரவுண்ட் 10-8.

பவானி சவுத்பா:
போட்டாலும் மோஸ்லிகிட்டச் செஞ்ச மாதிரி கையைக் கட்டிடுவார். உங்க நடுவர் அந்தக் கிளிஞ்சை, அதாவது கட்டிப் புடிக்கிறதை, எத்தனை வினாடி விடுவார், எத்தனாவது தடவைக்குப் புள்ளி வெட்டுவார்னு முதல்ல சொல்லுங்க. அது தெரியாம அந்த 10-8 எனக்குச் சம்மதம் இல்லீங்ணா.