விலை இறங்கும்னு தெரிஞ்சா ஷார்ட்டா, புட்டா?

நிலவன்:
இறங்கும்னு நம்பினா நேரா ஷார்ட் அடிக்கிறதுதான் சரி. பங்கைக் கடன் வாங்கி வித்துட்டு, கீழ வந்ததும் வாங்கித் திருப்பிக் கொடுத்தா வேலை முடிஞ்சது. புட்ங்கிறது குறிச்ச தேதிக்குள்ள (எக்ஸ்பைரி) குறிச்ச விலைக்குப் பங்கை விக்கிற உரிமை, ஒரு வகை ஆப்ஷன். அதை வாங்கினா, அதுக்குக் கொடுத்த விலையான பிரீமியம் தினமும் கரையும். கணிப்பு சரியா இருந்தாலும் எக்ஸ்பைரிக்குள்ள நடக்கலைன்னா போட்டது மொத்தமும் போகும்.

ஆதிரை:
நிலவன் சார், புட்ல போறது பிரீமியத்தோட நிக்கும். ஷார்ட்ல எங்க நிக்கும்? 2008 அக்டோபர்ல ஃபோக்ஸ்வாகனை ஷார்ட் பண்ணினவங்க சொன்ன காரணத்துல தப்பே இல்ல. கார் விற்பனை படுத்துட்டிருந்த நேரம் அது. ஆனா ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்ஷே நிறுவனம், நேரடிப் பங்கும் ஆப்ஷனும் சேர்த்து 74.1% தன் கட்டுப்பாட்டில் இருக்குன்னு அறிவிச்சுது. லோயர் சாக்சனி மாநில அரசுகிட்ட இன்னொரு 20%. சந்தையில மிச்சம் 6 சதவீதத்துக்கும் கீழ. ஷார்ட் பண்ணினவங்க திருப்பித் தர வேண்டிய பங்கோ அதைவிட அதிகம். எல்லாரும் வாங்க முண்டியடிச்சதுல செவ்வாய்க்கிழமை விலை 1,000 யூரோவைத் தாண்டிடுச்சு.

நிலவன்:
அதெல்லாம் அபூர்வம். அதுக்குத்தான் ஸ்டாப் லாஸ் இருக்கு, விலை நாம வச்ச எல்லையைத் தொட்டா தானா வாங்கி முடிச்சிடுற ஆர்டர். ஜெர்மன் பேமென்ட் நிறுவனம் ஒயர்கார்டைப் பாருங்க, 2020 ஜூன்ல 190 கோடி யூரோ கணக்குலயே இல்லைன்னு வெளிவந்து நிறுவனம் திவாலாச்சு. ஷார்ட் பண்ணினவங்க சொன்னது நடந்துச்சா இல்லையா?

ஆதிரை:
நடந்துச்சு, ஆனா எப்போ? 2019 பிப்ரவரியில ஜெர்மன் கட்டுப்பாட்டு அமைப்பே அந்தப் பங்கில புது ஷார்ட்டுக்கு ரெண்டு மாசம் தடை போட்டுச்சு. அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல தாக்குப்பிடிச்சவங்களுக்குத்தான் லாபம். அதுவரைக்கும் கடன் வாங்கின பங்குக்கு வட்டி, டிவிடெண்ட் வந்தா அதையும் நம்ம கையிலருந்து, விலை ஏறினா புரோக்கர் கேக்குற கூடுதல் பிணைப்பணம் (மார்ஜின்). அப்புறம் ஸ்டாப் லாஸ். ராத்திரி செய்தி வந்து காலையில விலை ஒரேயடியா மேல தாவி (கேப் அப்) திறந்தா, நீங்க வச்ச விலையில ஆர்டர் நடக்காது, கிடைச்ச விலைக்குத்தான் நடக்கும்.

மாறன்:
நடுவுல வரேன். ஒரு புட்டை வாங்கி இன்னொண்ணை விக்கிற ஸ்ப்ரெட்டை ரெண்டு பேரும் விட்டுட்டீங்க. பங்கு 100-ல இருக்கு. 95 புட்டை (95-க்கு விக்கிற உரிமை) 3-க்கு வாங்கி, அதே எக்ஸ்பைரியில 85 புட்டை 1-க்கு வித்தா செலவு 2. எக்ஸ்பைரியில 93-க்குக் கீழ போனா லாபம், அதிகபட்சம் 8. நிலவன் சொல்ற மாதிரி பிரீமியம் கரையறது குறையும், ஆதிரை பயப்படுற எல்லையில்லா நஷ்டமும் இல்ல. குறியீட்டோட தினசரி நகர்வுக்கு நேர் எதிரா போற இன்வர்ஸ் ஃபண்ட் மட்டும் வாங்கி வச்சிடாதீங்க. குறியீடு 100-லருந்து 110 போய் மறுநாள் 100-க்கே திரும்பினாலும், 100-ல இருந்த ஃபண்ட் 90-க்கு இறங்கி 98.18-லதான் நிக்கும்.

நிலவன்:
ஸ்ப்ரெட் நல்ல வழிதான், ஒத்துக்கறேன். ஆனா லாபத்துக்கு உச்சவரம்பு போட்டுட்டீங்களே! பங்கு 60-க்கு வந்தாலும் உங்களுக்கு அதே 8 தான். சின்னப் பங்குகள்ல ஆப்ஷனே இருக்காது, இருந்தாலும் வாங்குற விலைக்கும் விக்கிற விலைக்கும் இடைவெளி பெருசு. அங்க என்ன பண்ணுவீங்க?

ஆதிரை:
அங்க எதுவும் பண்ண மாட்டேன். கையில இருக்கறதைக் குறைச்சுட்டுப் பணமா வச்சிருப்பேன். அதுவும் இறக்கத்துக்கான ஒரு நிலைப்பாடுதான், மார்ஜின் கேட்டு யாரும் போன் பண்ண மாட்டாங்க. புட் வாங்கறதா இருந்தாலும் எல்லாரும் அலறுறதுக்கு முன்னாடியே வாங்கணும். பீதி வந்தப்புறம் பிரீமியம் ஊதிடும், பீதி அடங்கினா சுருங்கிடும். விலை நீங்க சொன்ன மாதிரியே இறங்கியும் புட் நஷ்டத்துல நிக்கிறது அப்படித்தான்.