ஒன்றரை வயதுக் குழந்தையுடன் கப்பல் சுற்றுலா: இப்போதே செல்லலாமா, பொறுத்திருக்கலாமா?

அஸ்தம்பட்டி வாசகி:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறோம். மூத்தவளுக்கு ஐந்தரை வயது, இளையவனுக்கு ஒன்றரை வயது. வரும் கோடை விடுமுறையில் என் மாமியாரையும் அழைத்துக்கொண்டு ஐந்து பேராகக் கப்பல் சுற்றுலா செல்ல வேண்டும் என்பது என் கணவரின் நெடுநாள் ஆசை. சென்னையில் ஏறிச் சில நாள்களில் திரும்பிவிடும் சிறு பயணமா, சிங்கப்பூருக்கு விமானத்தில் சென்று அங்கிருந்து பெரிய கப்பலில் ஏறுவதா என்பது இன்னும் முடிவாகவில்லை.

என் தயக்கத்துக்குக் காரணங்கள் உண்டு. ஏற்காட்டுக்குச் செல்லும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள்ளாகவே மூத்தவள் வாந்தி எடுத்துவிடுவாள். அவளைக் கடலில் எப்படிச் சமாளிப்பது? இளையவன் இன்னும் டயப்பரில் இருக்கிறான். வீட்டில் அரைத்த சத்துமாவுக் கஞ்சியைத் தவிர வேறு எதையும் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. மாமியார் சுத்த சைவம். விளம்பரப் படங்களில் நீச்சல் குளமும் வண்ண விளக்குகளும் தெரிகின்றனவே தவிர, இரவு இரண்டு மணிக்குக் குழந்தை விழித்து அழுதால் அந்தச் சின்ன அறையில் மற்றவர்கள் எங்கே போவார்கள் என்பது எந்தப் படத்திலும் தெரியவில்லை. சிறு குழந்தைகளுடன் சென்று வந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொன்னால் உதவியாக இருக்கும்.

சூரமங்கலத்துக்காரன்:

சகோதரிக்கு வணக்கம். என் பிள்ளைகளுக்கு நான்கும் இரண்டும் வயதாக இருந்தபோது நாங்கள் சென்னைத் துறைமுகத்தில் கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலில் ஏறிச் சென்று வந்தோம். பதினொரு தளங்கள் கொண்ட அந்தக் கப்பல் 1990இல் பயணத்தைத் தொடங்கியது. 2022 ஜூனில்தான் சென்னையிலிருந்து புறப்படத் தொடங்கியது. 2023இல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கும் சென்றது. தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மும்பையை விட்டு நம் பக்கம் வருவதே வழக்கம் என்பதால், உங்கள் விடுமுறை நாள்களில் கப்பல் இங்கே இருக்கிறதா என்பதை அந்த ஆண்டின் அட்டவணையில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஏற்பட்ட பெரிய ஏமாற்றம் நீச்சல் குளம்தான். டயப்பர் அணியும் வயதுக் குழந்தைகளை, நீச்சலுக்கென்றே விற்கும் டயப்பரைக் கட்டியிருந்தாலும்கூட, பெரும்பாலான கப்பல்களில் பொதுக்குளத்தில் இறக்க விடுவதில்லை. மலம் கலந்துவிட்டால் நோய் பரவும், குளம் முழுவதையும் வடித்துச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும் என்பதால் இதில் கண்டிப்பாக இருக்கிறார்கள். அக்கா தண்ணீரில் ஆடுவதைக் கரையில் நின்று பார்த்த என் இளையவன் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. சில பெரிய கப்பல்களில் கைக்குழந்தைகளுக்கென்று தனியாக நீர் தெளிக்கும் இடம் உண்டு. முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் விளையாட்டு அறையிலும் இதே கதைதான். ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்கள் மூன்று வயது நிறைந்து, கழிப்பறைப் பழக்கம் வந்த பிள்ளைகளையே அங்கே சேர்க்கின்றன. ஆகவே உங்கள் மகளுக்கு அங்கே பொழுது நன்றாகப் போகும்; மகனோடு நீங்களோ உங்கள் கணவரோ எந்நேரமும் இருந்தாக வேண்டும்.

அறையைப் பற்றிக் கேட்டீர்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு பெட்டிகளை வைத்தால் நடக்க இடமிருக்காது. தூளி கட்டுவதற்குக் கூரையில் கொக்கி கிடையாது. மடக்குத் தொட்டிலை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி போன்ற சூடாகும் கருவிகளைத் தீ விபத்துக்கு அஞ்சிக் கப்பலில் அனுமதிப்பதில்லை. ஆனால் உணவுக் கூடத்தில் வெந்நீர் கிடைக்கும். வறுத்துப் பொடித்த மாவை எடுத்துச் சென்று அங்கேயே கரைத்துக் கொடுத்தோம். கையில் ஒரு பிளாஸ்க் இருந்தால் இரவுக்கும் கவலையில்லை. துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டிகள் அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும் என்பதால் மருந்து, பால், மாற்றுடை, டயப்பர் ஆகியவற்றைத் தோள்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டண விஷயத்தில் ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். "குழந்தைக்குக் கட்டணமே இல்லை" என்று எங்கள் முகவர் சொன்னதை நம்பிவிட்டோம். துறைமுகக் கட்டணமும் பணியாளர்களுக்கான அன்றாடச் சேவைத் தொகையும் தலைக்கு இவ்வளவு என்று, தவழும் பிள்ளையையும் சேர்த்துக் கணக்கிடப்படும் என்பது பணம் கட்டும்போதுதான் தெரிந்தது. மொத்தத் தொகையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நடுக்கடலில் கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்துவிடுங்கள். கப்பலின் கோபுரத்தோடு அது தானாக இணைந்துகொண்டால், வரும் பில் டிக்கெட்டையே மிஞ்சிவிடும்.

ஏற்காட்டுப் பாட்டி:

அம்மா, மேலே எழுதிய தம்பி சொன்னவை எல்லாம் உண்மை. ஆனால் படித்து முடித்தபோது போகவே வேண்டாம் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகளோடு சிங்கப்பூரில் கப்பல் ஏறியபோது எனக்கு அறுபத்தாறு வயது. காலையில் ஓர் ஊர், மாலையில் ஓர் ஊர் என்று பெட்டியைக் கட்டி அவிழ்க்கும் சுற்றுலாவில் என் முழங்கால் இரண்டாம் நாளே தோற்றுவிடும். கப்பலிலோ நாம் அறையிலேயே இருக்க, ஊர்கள் நம்மைத் தேடி வந்தன. பிள்ளைகள் மதியம் தூங்கும் நேரத்தில் அறைக்குத் திரும்ப மின்தூக்கியில் இரண்டு நிமிடம் போதும். வயதானவர்களுக்கும் மழலைகளுக்கும் இதைவிட இணக்கமான பயணத்தை நான் கண்டதில்லை.

சைவ உணவுக்குக் குறையில்லை. நம் நாட்டுப் பயணிகள் அதிகம் ஏறும் கப்பல்களில் தயிர்ச்சோறுகூடக் கிடைக்கும். பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். குளிர்சாதனக் குளிருக்கு ஏற்காட்டு ஸ்வெட்டரையே எடுத்துச் செல்லலாம். எனக்கு ஒரே குறை குளியலறைதான். வாளியும் கிடையாது, குவளையும் கிடையாது. ஆள் திரும்ப முடியாத கூண்டுக்குள் நின்றபடி ஷவரில் குளிக்க வேண்டும்.

சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். கப்பல் சிங்கப்பூரை விட்டு வெளியேறி மீண்டும் அங்கேயே வந்து சேர்வதால், பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவாக அது இருக்க வேண்டும். குழந்தைகளின் கடவுச்சீட்டு ஐந்தாண்டுகளுக்கு மட்டுமே செல்லும். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அலுவலகத்தில் படம் எடுக்க மாட்டார்கள். வெள்ளைப் பின்புலத்தில் எடுத்த படத்தை நாமே கொண்டு போக வேண்டும். எங்கள் பேரனைக் கண் மூடாமல் ஒரு படம் எடுப்பதற்குள் புகைப்படக் கடைக்காரர் சோர்ந்துவிட்டார்.

கடைசியாக ஒன்று, மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். உங்கள் மாமியாரைப் பிள்ளை பார்த்துக்கொள்வதற்காக மட்டும் அழைத்துச் செல்லாதீர்கள். ஒரு மாலையில் நான் பேரனுடன் இருந்தேன். மறு மாலையில் மகனும் மருமகளும் இருந்துகொண்டு என்னை நாடகம் பார்க்க அனுப்பினார்கள்.

குழந்தைகள் பிரிவுச் செவிலி:

வாந்தியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு "அசைகிறோம்" என்று சொல்லும்போது, கண் எதிரே உள்ள இருக்கையைப் பார்த்து "அசையவில்லை" என்று சொன்னால் மூளை குழம்புகிறது. குமட்டல் அதனால்தான் வருகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது அரிது. அதன்பின் மெல்லக் கூடி, பள்ளி வயதில் உச்சத்தை அடைந்து, வளர வளரக் குறையும். ஆகவே நீங்கள் கவலைப்பட வேண்டியது மூத்தவளைப் பற்றித்தான், இளையவனைப் பற்றி அல்ல.

மலைப்பாதையில் வாந்தி எடுக்கும் பிள்ளை கடலிலும் எடுத்தே தீரும் என்று சொல்லிவிட முடியாது. மலைப்பாதையில் உடல் பக்கவாட்டில் சட்சட்டென்று திரும்புகிறது. கடலில் உடலை வருத்துவது ஏறத்தாழ ஐந்து விநாடிக்கு ஒரு முறை மெதுவாக மேலெழுந்து கீழிறங்கும் அசைவு. பெரிய கப்பல்களில் நீருக்கடியில் உள்ள துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைத்துவிடுகின்றன. முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை அவற்றால் அவ்வளவாகத் தடுக்க முடியாது. பூங்காவில் இருபுறமும் ஏறி இறங்கும் சீசா பலகையின் நடுவில் உட்கார்ந்தவருக்கு ஆட்டம் குறைவாகத் தெரிவதைப் போல, கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்து அறையில் அசைவு குறைவு. உயரத்தில் உள்ள பால்கனி அறைக்குக் கூடுதல் பணம் கொடுத்துவிட்டுப் பிறகு படுக்கையிலேயே கிடப்பதில் என்ன பயன்? ஒன்றரை வயதுப் பிள்ளை நாற்காலியில் ஏறப் பழகிவிட்ட வீட்டுக்குப் பால்கனி வேறு வகையிலும் வேண்டாத வம்பு. ஏற்காடு ஏரியில் படகு சவாரி செய்து சோதித்துப் பார்க்கலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அலையில்லாத ஏரியில் எதையும் சோதிக்க முடியாது.

புறப்படும் முன் இட்லி போன்ற எளிய உணவைக் குறைவாகக் கொடுங்கள். வெறும் வயிறும் நல்லதல்ல. குமட்டும்போது மேல்தளத்துக்கு அழைத்துச் சென்று தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பேசியைக் கையில் கொடுக்காதீர்கள். பயண வாந்திக்கென்று பலர் வீட்டில் வைத்திருக்கும் அவோமின் மாத்திரையைத் தாமாகவே உடைத்துக் கொடுக்கிறார்கள். அது புரோமெத்தசின் வகையைச் சேர்ந்தது. மூச்சு மந்தமாகும் அபாயம் உண்டு என்பதால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது கூடவே கூடாது. மகளுக்கும் மருத்துவரிடம் எடையைச் சொல்லி அளவு கேட்ட பிறகே கொடுக்க வேண்டும். உணவுக் கூடத்துக்குச் செல்லும்போதெல்லாம் பிள்ளைகளின் கைகளைச் சோப்பால் கழுவுங்கள்; கப்பல்களில் பரவி வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் நோரோ வைரஸைச் சானிடைசர் சரியாகக் கொல்வதில்லை.

அஸ்தம்பட்டி வாசகி:

மூவருக்கும் நன்றி. இவற்றையெல்லாம் நேற்றிரவு கணவரிடம் படித்துக் காட்டினேன். நீச்சல் குளமும் விளையாட்டு அறையும் இளையவனுக்குக் கிடையாது என்பதால், அவனுக்கு மூன்று வயது நிறைந்து டயப்பரை விடும் வரை சிங்கப்பூரைத் தள்ளிவைத்துவிட்டோம். அட்டவணையில் இடமிருந்தால் இந்தக் கோடையில் சென்னையிலிருந்து இரண்டு இரவுப் பயணம், கீழ்த்தளத்தில் நடுப்பகுதி அறை, மாமியாருக்கு எதிரிலேயே தனி அறை. இரவில் பிள்ளை அழுதால் மூத்தவள் பாட்டியின் அறைக்குப் போய்விடுவாள். மாமியார் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பிளாஸ்டிக் குவளை ஒன்றைக் கொண்டு போக விடுவார்களா என்று மட்டும் கேட்கச் சொன்னார்.

சூரமங்கலத்துக்காரன்:

குவளைக்குத் தடையில்லை, தாராளமாகக் கொண்டு செல்லலாம். சேலத்திலிருந்து இரவு ரயிலில் சென்று அன்றே ஏறிவிடலாம் என்று எண்ணாமல், முந்தைய நாளே சென்னைக்குப் போய்த் தங்குங்கள். ரயில் தாமதமானால் கப்பல் நமக்காகக் காத்திருக்காது.